உள்ளே வெச்ச சந்தனம்

ஆயுத பூசை வந்தா எனக்கு இன்னிக்கும் வயிறு எரியும். ஊரே பொரியும் கடலையும் அள்ளித் தின்னுட்டுத் திரியற நாள்ல நான் மட்டும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு ஊட்டுக்குள்ளயே கெடப்பேன். "வந்து ஒரு பொட்டு வெச்சுட்டுப் போயேன், மெஷினெல்லாம் காத்துக்கெடக்குது"ம்பாரு என்ற ஊட்டுக்காரரு. போக மாட்டேன். "அப்படி என்ன கொழுப்பு உனக்கு?"ன்னு மாமியா ஒருதரம் கேட்டே போட்டாங்க. கொழுப்பில்லீங்க அத்தை, சந்தனம்னேன். அவங்களுக்கு ஒண்ணும் வெளங்கல. வெளங்கற மாதிரி இப்பச் சொல்றேன்.

வேலம்பாளையத்துல எங்கப்பாவுக்கு ஒரு பனியன் கம்பெனி இருந்துச்சு. பெரிசுன்னு சொல்ல முடியாது, எட்டு நிட்டிங் மெஷின், ஒரு கட்டிங் டேபிள், பின்னால சலவைத் தொட்டி. அண்ணன் பத்தாவதோட படிப்ப முடிச்சுட்டு கம்பெனிக்குள்ள நொழைஞ்சுட்டான். நான் மட்டும் தெனமும் கோயமுத்தூருக்கு ரயிலேறிப் போயி பௌதிகத்துல எம்.எஸ்ஸி. வரைக்கும் படிச்சுட்டேன். எழுபதோ எழுபத்தொண்ணோ இருக்கும். எங்க சனத்துல பொம்பளப் புள்ள அந்த அளவுக்குப் படிச்சா, அதுக்கப்பறம் அவளை என்ன பண்றதுன்னே யாருக்கும் தெரியாது. கல்யாணம் பண்ணிக் குடுக்கறதுதான் தெரியும்.

காலேஜ் லைப்ரரியில வெளிநாட்டுப் பத்திரிகை நாலஞ்சு வரும். அதுல ஒண்ணுலதான் அதைப் படிச்சேன். பெரிய பெரிய வட்டக் குழாய் கட்டி, உள்ள இருக்கற காத்தையெல்லாம் உறிஞ்சிட்டு, காந்தத்தை வெச்சுப் புரோட்டானுகளை மணிக்கணக்காச் சுத்த விடுவாங்க. சேமிப்பு வளையம்னு பேரு. சுத்தறதெல்லாம் ஒரே சீராப் போயிட்டா சிக்கலே இல்ல. ஒண்ணு முந்தும், ஒண்ணு பிந்தும், ஒண்ணு பக்கத்துல துள்ளும். அந்தத் துள்ளலைத்தான் சூடுங்கறது. அதை எப்படி ஆத்தறது? பனி கொட்டற ஒரு தேசத்துல ஒருத்தரு வழி சொல்லியிருந்தாரு. வளையத்துல ஒரு நேரான துண்டுல, புரோட்டான் போற அதே வேகத்துல எலக்ட்ரான் கற்றையைப் பக்கத்துலயே ஓட விடணும். எலக்ட்ரான் துள்ளாம நேராப் போச்சுன்னா, புரோட்டானோட துள்ளலை அது வாங்கிக்கும். வாங்கிக்கிட்டு வெளிய போயிரும். புதுசா எலக்ட்ரான் வரும். இப்படியே விட்டுக்கிட்டே இருந்தா புரோட்டான் ஆறிப்போயி நூல் புடிச்ச மாதிரி ஓடும்.

இதை ஊட்டுல சொன்னப்ப அண்ணன் சிரிச்சான். அம்மா, "சாப்புட்டியா கண்ணு?"ன்னாங்க. அப்பா மட்டும் கையில வெச்சிருந்த நூல்கோனைக் கீழ வெச்சுட்டு, "அப்ப எலக்ட்ரானு துள்ளுச்சுன்னா காரியமே கெட்டுது. அது எவ்வளவு நேராப் போகுதுன்னு மொதல்ல அளக்கோணுமல்ல?"ன்னாரு. எனக்குச் சிலீருன்னுச்சு. எம்.எஸ்ஸி. முடிச்சவனுக பாதிப் பேருக்கு அந்தக் கேள்வி தோணலை. நாலாவது வரைக்கும் படிச்ச மனுசன் நேரா அங்க போயி நின்னாரு. அன்னிக்கு அவரை நெனச்சு எனக்கு அவ்வளவு பெருமை. இப்ப நெனச்சா அதுதான் எல்லாத்தையும் விடக் கசக்குது.

அளக்கறதுக்கு ஒரு கருவி பண்றேன்னேன். ஊசி ஸ்டோர் ரூமைக் காலி பண்ணிக் குடுத்தாரு. குழாய்க்குள்ள இருக்கற காத்தை உறிஞ்சறதுக்கு, காலேஜ்ல ஓட்டை உடைசல்னு போட்டு வெச்சிருந்த ரெண்டு பம்பைக் கேட்டு வாங்கியாந்தேன். ஒரு பித்தளைக் குழாய், ஒரு ஆள் கை நீளம். ஒரு முனையில எலக்ட்ரானைக் கக்கற டங்ஸ்டன் இழை. அதுக்கு முன்னால வரிசையா மூணு பித்தளை வளையம், எலக்ட்ரானை இழுத்து நேர்படுத்தறதுக்கு. நடுவுல ஒரு மெல்லிசுக் கம்பி, திருகாணியத் திருகத் திருக கற்றைக்குக் குறுக்க மெதுவா நகரும். கம்பியில எவ்வளவு எலக்ட்ரான் வந்து விழுதுன்னு மீட்டர் காட்டும். அதை ஒவ்வொரு எடத்துலயும் குறிச்சு வரைஞ்சா ஒரு மேடு வரும். மேடு ஒடுக்கமா, செங்குத்தா வந்தாக் கற்றை நேராப் போகுதுன்னு அர்த்தம். பரந்துபோயிக் கெடந்தா துள்ளுதுன்னு அர்த்தம்.

இதுல பாதி வேலை எங்க கம்பெனி பிட்டரோடது. பாய்னுதான் எல்லாரும் கூப்புடுவோம். மெஷின்ல எந்த ஊசி எப்ப ஒடையும்னு சத்தத்தை வெச்சே சொல்றவரு. குழாய்க்கு மேல சுத்தற செம்புக் கம்பிச் சுருளை நூல் சுத்தற மெஷின்லயே மாட்டி, ஒரு சுத்து மேல ஒரு சுத்து ஏறாம சுத்திக் குடுத்தாரு. நான் அவருகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் திரும்பத் திரும்பச் சொல்லுவேன். "பாய், உள்ள கைரேகை கூடப் படக்கூடாதுங்க." "படாதுங்க பாப்பா"ம்பாரு.

பத்து மாசம் ஆச்சு. ஒரு நாள் மேடு வந்துச்சு பாருங்க, அப்படியே செங்குத்தா! மூணு நாள் திருப்பித் திருப்பி அளந்தேன், இம்மியும் மாறலை. அந்த வரைபடத்தை வெச்சு, வடக்க இருக்கற ஒரு ஆராய்ச்சி நிலையத்துக்கு எழுதிப் போட்டேன். அங்க துகள் கற்றையை அளக்கற கருவி பண்றதுக்குன்னே ஒரு குழு சேத்துக்கிட்டு இருந்தாங்க. பதில் வந்துச்சு. வேற வேலையாக் கோயமுத்தூர் வர்றவரு ஒருத்தரு திருப்பூருக்கும் வந்து கருவியைக் கண்ணால பாப்பாரு, சரியா இருந்தா எடம் உறுதின்னு. ஆயுத பூசை முடிஞ்சு நாலாம் நாளு வர்றதாத் தேதி.

அப்பா அந்தக் கடுதாசியை ரெண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாரு. "அவரு வந்து சரின்னுட்டாப் போயிக்கோ கண்ணு. ஆவலைன்னா, பெருமாநல்லூர்க்காரங்க பொண்ணு கேட்டுக்கிட்டே இருக்கறாங்க, தை மாசம் முடிச்சரலாம்"னாரு. நான் சரின்னேன். என்ற மேடு செங்குத்தா நிக்கறப்ப எனக்கென்ன பயம்?

பூசைக்கு மொத நாளு இழையை மாத்தறதுக்காகக் குழாயோட முன் மூடியைக் கழட்டி வெச்சிருந்தேன். புது இழையை மாட்டி முடிச்ச நேரத்துல ஊட்டுக்குத் தூரமாயிட்டேன். எங்கம்மா அதுல ரொம்பக் கண்டிப்பு. பூசை நடக்கற கம்பெனிக்குள்ள காலெடுத்து வெக்கக் கூடாது, மூணு நாளைக்கு அக்கட்ட இருக்கற ஓட்டு ரூமுதான். நான் சண்டை போட்டுப் பாத்தேன். "எலக்ட்ரானுக்குத் தீட்டு இல்லம்மா!"ன்னு கத்தினேன். "வாய மூடு, சாமி காரியம்"னு தரதரன்னு இழுத்துட்டுப் போயிட்டாங்க. போறப்பவே பாயைப் பாத்து, "அந்த மூடியை மட்டும் போட்டுருங்க பாய்"னு சொல்லிட்டுப் போனேன்.

எங்க ஊர்ல பூசைக்கு மெஷின தயார் பண்றதுக்கு ஒரு மொறை இருக்குது. பனியன் வெட்டி மிஞ்சற துண்டுத் துணி, பனியன் வேஸ்ட்டும்போம், அதை மண்ணெண்ணெய்ல நனைச்சு ஒவ்வொரு மெஷினையும் அழுந்தத் தொடைக்கணும். அப்பறம் சந்தனம், அதுக்கு மேல குங்குமம். கத்திரிக்கோலு, ஸ்பேனரு, தராசு, எதுவும் தப்பாது. தப்பினா அதோட வருசம் கெட்டுப்போகும்னு ஒரு நெனப்பு. அந்த ஓட்டு ரூமு சன்னல்ல இருந்து பூசணிக்கா உடைக்கற சத்தத்தைக் கேட்டுக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன்.

மூணு நாளும் கழிஞ்சு, மறுநாள் விடிஞ்சதும் தலைக்குத் தண்ணி ஊத்திட்டு ஓடினேன். குழாய் மூடியிருந்துச்சு. மேல வரிசையா சந்தனப் பொட்டு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. ஈரத் துணியில அதைத் தொடைச்சு எறிஞ்சுட்டுப் பம்பைப் போட்டேன். பாய் இல்ல, பெருமாநல்லூருக்கு மெஷின் பூட்ட அப்பா அனுப்பிட்டாருன்னு சொன்னாங்க. உள்ள பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. அது என்ற புத்தி கெட்டதனம், ஒத்துக்கறேன்.

குழாய்க்குள்ள காத்து எறங்கவே இல்ல. வழக்கமா அஞ்சு மணி நேரத்துல எறங்கறது அன்னிக்கு முழுக்க ஓட்டியும் பாதி வழியில நின்னுருச்சு. எங்கயோ ஒழுகுதுன்னு நெனச்சேன். ஒவ்வொரு மூட்டா அரக்குத் தடவிப் பாத்தேன். திருகாணி நொழையற எடம், ஒயர் நொழையற எடம், எல்லாத்தையும் இறுக்கினேன். மறுநாளும் அதேதான். கையெல்லாம் அரக்கு, கண்ணெல்லாம் எரிச்சல். கழட்டிப் பாத்துரலாமான்னு ஒருக்கா நெனச்சேன். மறுபடி மூடி, காத்தை எறக்கி, இழையைச் சூடேத்த முழுசா ஒரு நாள் வேணும், அது கையில இல்லாமப் போயிருமேன்னு விட்டுட்டேன். அப்பா ரெண்டு தடவை வந்து நின்னு பாத்தாரு. "என்ன கண்ணு, ஆவலையா?"ன்னாரு. "எங்கயோ ஒழுகுதுங்கப்பா"ன்னேன். காப்பி கொண்டாந்து பக்கத்துல வெச்சுட்டுப் போனாரு.

சொன்ன நாளுக்கு அவரு வந்தாரு. வெள்ளைச் சட்டை, நல்ல மரியாதையான மனுசன். பனியன் மூட்டைக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு வந்து ஸ்டோர் ரூம்ல நின்னாரு. நான் திருகாணியத் திருகினேன். மேடாவது ஒண்ணாவது! ரெண்டு கும்பமா பொளந்துக்கிட்டு, சோறு சரிஞ்ச மாதிரிப் பரந்து வந்துச்சு. திரும்ப அளந்தா வேற எடத்துல வந்துச்சு. மூணாந்தரம் வேற எடத்துல. அவரு தோல்பையில இருந்து நான் அனுப்பின பழைய வரைபடத்தை எடுத்து வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தாரு.

"இதை யாரும்மா வரைஞ்சாங்க?"ன்னாரு.

"நாந்தானுங்க."

"அளந்தா, இல்ல சும்மாவா?"

கோபமாக் கூடக் கேக்கலை, மெதுவாத்தான் கேட்டாரு. மூஞ்சியில சாணியைக் கரைச்சு ஊத்தின மாதிரி ஆயிருச்சு எனக்கு. அளந்தேன், மூணு நாள் அளந்தேன்னு எப்படிக் காட்டறது? காட்ட வேண்டிய சாமான் முன்னால பல்லை இளிச்சுக்கிட்டு நிக்குது. வாசல்ல நின்னுக்கிட்டு இருந்த அப்பா, "பொம்பளப் புள்ள, இந்த அளவுக்காச்சும் செஞ்சுதுங்களே"ன்னாரு. அந்த மனுசன் தலையை ஆட்டிட்டு, காப்பியைக் குடிச்சுட்டுக் கெளம்பிட்டாரு. அப்பா எனக்காகப் பரிஞ்சு பேசறாருன்னுதான் அப்ப நெனச்சேன்.

கார் சத்தம் அடங்கினதும் ஸ்பேனரை எடுத்து மூடியைக் கழட்டினேன். மூணு வளையத்துலயும் உள்பக்கமா மூணு சந்தனப் பொட்டு, நடுவுல குங்குமம். காஞ்சு ஓடு கட்டியிருந்துச்சு. சுத்தியும் பனியன் வேஸ்ட்டோட பஞ்சு இழை ஒட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. காஞ்ச சந்தனத்துல மின்சாரம் ஓடாது. வந்து விழுந்த எலக்ட்ரானெல்லாம் அதுமேலயே தங்கிக்கிட்டு, பின்னால வர்றதையெல்லாம் தள்ளி விட்டுருக்குது. எங்க தள்ளும்னு அதுக்கே தெரியாது. மண்ணெண்ணெயும் சந்தன ஈரமும் உள்ளயே ஆவியாகிக்கிட்டு இருந்ததாலதான் காத்தும் எறங்கலை, ஒழுகலும் இல்ல ஒரு மண்ணும் இல்ல.

அடுப்படிக்கு ஓடி, "யாரு இதை வெச்சது?"ன்னு கத்தினேன். அம்மா ஈரக் கையோட திரும்பி, "நாந்தான் கண்ணு. நீ வர முடியலையே, உன்ற மெஷினு மட்டும் விட்டுப்போகக் கூடாதுன்னு, தொறந்திருந்துதா, உள்ளுக்கும் சேத்து வெச்சேன். நல்லா வரோணும்னு வேண்டிக்கிட்டு வெச்சேன்"னாங்க. மூஞ்சியில அவ்வளவு சந்தோசம். நான் என்ன பேசினேன்னு இப்ப எழுதக் கை வர மாட்டேங்குது. படிக்காத முண்டம்னேன். என்ற வாழ்க்கையில மண்ணை அள்ளிப் போட்டுட்டியேன்னேன். அப்பா கூடத்துல பேப்பர் படிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. அடுத்த பக்கத்தைத் திருப்பினாரு.

எல்லாத்தையும் தொடச்சு, மறுபடி அளந்து, பழைய மேடு அப்படியே வந்ததும் வரைஞ்சு, நடந்ததை விவரமா எழுதி அவருக்கு அனுப்பினேன். ரெண்டு வரியில பதில் வந்துச்சு, எடம் நெரம்பிருச்சுன்னு. சந்தனம் வெச்சுக் கெட்டுப்போச்சுன்னு எழுதினா யாரு நம்புவாங்க? தை மாசம் பெருமாநல்லூருக்கு மருமகளாப் போனேன். பித்தளைக் குழாயை அண்ணன் பழைய சாமான்காரனுக்குப் போட்டுட்டான்.

அப்பறம் அம்மாகூட நான் நல்ல வார்த்தை பேசினதே இல்ல. பொங்கலுக்கு வருவேன், கொழந்தைகளைக் கொண்டாந்து காட்டுவேன், கேட்டதுக்குப் பதில் சொல்லுவேன். அவ்வளவுதான். இடையில ஒருக்கா கோயமுத்தூர் போனப்ப அந்தப் பழைய லைப்ரரிக்குள்ள நொழைஞ்சு பாத்தேன். அந்தப் பனி தேசத்துக்காரங்க புரோட்டானை ஆத்தியே காட்டிட்டாங்கன்னு போட்டிருந்துச்சு. எலக்ட்ரானை எப்படி நேரா ஓட்டுனாங்க, எப்படி அளந்தாங்கன்னு படம் போட்டிருந்துச்சு. குறுக்க ஒரு மெல்லிசுக் கம்பி. அன்னிக்கு ஊட்டுக்குப் போயி அம்மாவை இன்னும் ரெண்டு ஏசிட்டு வந்தேன்.

எழுபத்தெட்டு வாக்குல அம்மாவுக்கு ஒடம்பு முடியாமப் போச்சு. ஆஸ்பத்திரியில ஒரு மத்தியானம், நான் ஆரஞ்சு உரிச்சுக்கிட்டு இருக்கறப்ப, "அன்னிக்கு நான் அதை வெக்காம இருந்திருந்தா நீ போயிருப்பியா கண்ணு?"ன்னாங்க. "போயிருப்பேன்"னேன். இல்லம்மா, அதனால ஒண்ணுமில்லன்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லலை. சரின்னு தலையாட்டிட்டு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க. அடுத்த வாரம் போயிட்டாங்க.

துக்கம் கேக்கப் பாய் வந்தாரு. வயசாயிருச்சு, தனியா ரெண்டு மெஷின் போட்டு ஓட்டறதாச் சொன்னாரு. பேச்சு அப்படியே பழைய குழாய்க்கு வந்துச்சு.

"ஏனுங்க பாப்பா, எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கவே இல்லீங்க. அன்னிக்குத்தான் உள்ள தொடச்சுட்டுப் போட்டிருப்பீங்களே, அப்பறமும் ஏனுங்க ஆவாமப் போச்சு?"

"எங்க தொடச்சேன்? அந்த ஆராய்ச்சிக்காரரு போன பின்னால கழட்டினப்பத்தான பாய் தெரிஞ்சுது?"

பாய் என்னையே பாத்தாரு. "மொதலாளி சொல்லலீங்களா?"

அப்பத்தான் முழுசாச் சொன்னாரு. பூசையன்னிக்கு அவரு மூடியை எடுத்துப் போடப் போறப்ப, அம்மா தடுத்துட்டு உள்ளயும் தொடச்சுக் குடுக்கச் சொல்லியிருக்காங்க. "உள்ள வெக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியுமுங்க. ஆனா சாமிக்கு வெக்கறாங்க, நான் போயி வெக்காதீங்கன்னு எப்படீங்க சொல்றது? நான் சொன்னா அது வேற மாதிரி ஆயிருமுங்க" அப்படின்னாரு. அதனால வாய மூடிக்கிட்டுத் தொடச்சுக் குடுத்துட்டு, மறுநாள் காலையில நேரா அப்பாகிட்டப் போயிருக்காரு. அம்மா உள்ள சந்தனம் வெச்சுட்டாங்க, பாப்பா வந்ததும் சொல்லீருங்க, தொடச்சுட்டுத்தான் போடோணும்னு வெவரமாச் சொல்லியிருக்காரு. "நான் சொல்லிக்கறேன், நீ பெருமாநல்லூர் கெளம்பு"ன்னாராம் அப்பா.

பாயை அனுப்பி வெச்சுட்டு உள்ள போனேன். அப்பா ஈஸிசேர்ல சாஞ்சிருந்தாரு. அம்மா படத்துக்கு முன்னால வெளக்கு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

"உள்ள சந்தனம் இருந்தது உங்களுக்குத் தெரியுமாங்கப்பா?"

மூடி மறைக்கல அவரு. "தெரியும்"னாரு.

"ரெண்டு நாளு நான் அரக்கு தடவிக்கிட்டுக் கெடந்தப்ப வந்து பாத்தீங்களே. அம்மாவை நான் கண்டபடி பேசினப்பவும் பக்கத்துலதானங்கப்பா இருந்தீங்க. ஏழு வருசமா! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா?"

எந்திரிச்சு வெளக்குத் திரியத் தூண்டி விட்டாரு. அப்பறம், அன்னிக்கு நூல்கோனைக் கீழ வெச்சுட்டுக் கேட்டாரே, அதே தெளிவோட சொன்னாரு.

"சொல்லியிருந்தாத் தொடச்சிருப்பே கண்ணு. தொடச்சிருந்தாப் போயிருப்பே."

நான் அவருகூடச் சண்டை போடலை. கத்தறதுக்கு இருந்த கத்தலையெல்லாம் அம்மாகிட்டயே கத்தித் தீத்துட்டேன். ஆரஞ்சு உரிச்சுக்கிட்டே அம்மாவுக்கு நான் சொன்ன அந்த ஒத்தை வார்த்தையத்தான் திரும்ப வாங்க முடியல.